மாமரத்தடிப் பாத்தியும் பிலோமினாவும்

மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பிலோமினாவின் மகள். "ஆன்ட்டி, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். ஒற்றைக் கால் செருப்போடு கோயில் மாமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். எதிரே அவள் வளர்த்த பாத்தி பச்சைப் பசேலென்று நின்றது. அழுகை வந்தது. கூடவே, திட்டினாலும் திட்டுங்கள், பெருமையும் வந்தது.

லிங்கராஜபுரத்தில் அவளைத் தெரியாதவர் யார்? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குரலை உயர்த்தாமலே கோயில் பங்கு மக்கள் எல்லோரையும் வேலை வாங்குவாள். யாராவது அவசரப்பட்டால் "ஸ்வல்ப தாளு" என்பாள். கன்னடத்தில் கொஞ்சம் பொறு என்று அர்த்தம். அவள் சொன்னால் அது கட்டளை. வாய் நீளமுள்ள நானே அடங்கியிருக்கிறேன்.

எட்டு வருடங்களுக்கு முன் அந்த மரத்தடி வெறும் கட்டாந்தரை. பீடத்துக்குப் பூ வேண்டுமென்று ரோஜா வைத்தோம், செவ்வந்தி வைத்தோம். எல்லாம் கருகின. பங்குப்பேரவைக் கூட்டத்தில் செயலாளர் சேவியர், "அங்க ஒண்ணும் முளைக்காது. சிமென்ட் போட்டா ஞாயித்துக்கிழமை டூவீலராச்சும் நிறுத்தலாம்" என்றார். பிலோமினா எழுந்தாள். "வேரை மூடினா மரமே போயிடும் சேவியர். மரத்தடிக்குன்னு செடி இருக்கு. நாமதான் பூவுக்கு ஆசைப்பட்டு வெயில் செடியா வெச்சிட்டோம்." மாதா திருவிழாவுக்குள் பாத்தி நிறைய வேண்டும், இல்லாவிட்டால் சிமென்ட் என்று ஃபாதர் ஆறு மாதம் கெடு கொடுத்தார்.

மறுநாளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு பாக்கெட் கோலமாவுமாக வந்து உட்கார்ந்தாள். எட்டு மணிக்கு வெயில் விழுந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். பதினொரு மணிக்கு இன்னொரு கோடு. சாயங்காலம் மூன்றாவது. "பிலோமினா அக்காவுக்கு என்னாச்சு, கோயில்ல கோலம் போடுறாங்க?" என்று ஊரே சிரித்தது. அவள் கண்டுகொள்ளவில்லை. எங்கே இரண்டு மணி நேர வெயில், எங்கே சுத்தமாக நிழல் என்று அந்தக் கோடுகள் காட்டிவிட்டன.

நர்சரிக்குப் போவோம் என்றேன். "எதுக்கு? நம்ம வீடுங்களே இருட்டுதானே" என்று வீடு வீடாக ஏறினாள். நம் சந்துகளில் வீட்டுக்குள் வெயில் எங்கே வருகிறது? கதவைத் தட்டி அவள் கேட்டது ஒரே கேள்வி: "உங்க வீட்டு இருட்டு மூலையில எந்தச் செடி உயிரோட இருக்கு?" மாடிப்படிக்கு அடியில் கிடந்த ஸ்நேக் பிளான்ட் வந்தது. பாத்ரூம் ஜன்னலிலிருந்து மணி பிளான்ட், தண்ணீர்த் தொட்டி ஓரத்துப் பெரணி எல்லாம் வந்தன. தடித்த வேர் எதையும் வெட்டாமல், வேருக்கும் வேருக்கும் நடுவே கரண்டியால் குழி எடுத்து வைத்தாள். காலை வெயில் விழும் ஓரத்தில் மட்டும் கனகாம்பரம்.

ஒரு மாதத்தில் வாசல் பக்கச் செடிகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. பிலோமினா மண்டி போட்டு ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தாள். "ஜெசிந்தா, சனிக்கிழமை கோயில் கழுவுற தண்ணிய எங்க ஊத்துற?"

"மரத்துக்குத்தான்! வருஷக்கணக்கா அங்கதான். தண்ணிய வீணாக்கலாமா?" என்றேன் மார்தட்டி.

"அதுல பினாயில் இருக்கேடி."

புண்ணியம் என்று நினைத்து வாளி வாளியாக விஷம் ஊற்றியிருக்கிறேன். "சொல்லிடாதே பிலோமினா, மானம் போயிடும்" என்று கையைப் பிடித்தேன். அடுத்த கூட்டத்தில் சேவியர் செத்த செடிகளைக் காட்டி, கெடுவை அன்றோடு முடிக்கச் சொன்னார். பிலோமினா, "தப்பு என்னோடது. இனிமே நடக்காது" என்றாள். என் மானத்துக்காகத் தன் பாத்தியையே பணயம் வைத்தாள். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கக்கேடு!

அன்று ஃபாதர் மனமிரங்கிக் கெடுவைத் தொடர விட்டார். கெட்ட மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு இருவரும் மறுபடி நட்டோம். மழையும் கைகொடுத்தது. திருவிழாவன்று மரத்தைச் சுற்றிக் கையளவு மண்கூடத் தெரியவில்லை. சேவியரின் மனைவி கனகாம்பரத்தைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டாள். சேவியர் தன் ஸ்கூட்டரைத் தானே தள்ளிக்கொண்டு போய்த் தெருவில் நிறுத்தினார். அடடா, அந்தக் காட்சியைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்!

அவளை அடக்கம் செய்து பத்தாம் நாள் பேரவை கூடியது. "பிலோமினா அக்கா இல்ல. இனி யாரு பாத்துக்குவாங்க? ஏற்கெனவே ஒரு தடவை அவங்க கையிலயே செத்துச்சு" என்று சேவியர் பழையபடி சிமென்ட் பேச்சை எடுத்தார்.

நான் எழுந்து நின்றேன். "அவ கையில எந்தச் செடியும் சாகல. பினாயில் தண்ணி ஊத்திக் கொன்னவ நான். எனக்காக அவ பழி ஏத்துக்கிட்டா. இனிமே பாத்திய நான் பாத்துக்கறேன். சிமென்ட் போடணும்னா என் மேல போடுங்க!"

சேவியர், சிமென்ட் போடக் கேட்டு எழுதிக் கொண்டுவந்திருந்த மனுவை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நீங்களே பாத்துக்குங்க அக்கா" என்றார். ஃபாதர் முதலில் கைதட்டினார்.

அவளைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லத்தான் எழுதினேன். எட்டு வருடமாக அவள் பெயரில் கிடந்த தப்பை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். பாத்தி நம் எல்லோருக்கும்.