திரைக்குள் இன்னொரு முக்காடு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். கதை கட்ட எனக்கு நேரமில்லை. என் தங்கை மேரிமின் கல்யாணப் படத்தில் நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

கரகோல் நகரத்தில் நானும் எர்மெக்கும் சேர்ந்து ஸ்டூடியோ நடத்துகிறோம். அவன் படம் எடுப்பான். நான் கம்ப்யூட்டரில் சரிசெய்வேன். மூலப் படத்தில் கை வைக்கவே மாட்டேன். வெளிச்சம், நிறம், கூர்மை எல்லாம் மேலே போர்த்திய துணி மாதிரிதான். எடுத்துவிட்டால் பழைய படம் அப்படியே இருக்கும்.

மாப்பிள்ளை வீட்டார்மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். ஒரே வாரத்தில் கல்யாணம் முடிக்க அப்படி என்ன அவசரம்? எங்கள் பக்கத்து வழக்கப்படி, புதுப்பெண்ணான மேரிமை அவர்கள் வீட்டில் அறை மூலையில் கட்டிய வெள்ளைத் திரைக்குள் உட்கார வைத்தார்கள். தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் படத்தைக் கூர்மையாக்க உட்கார்ந்தேன். எந்த இடம் கூர்மையாகிறது என்று பார்க்க ஒரு பட்டனை அழுத்தினால், படம் கறுத்து, விளிம்புகள் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரியும். மேரிமின் முகம் தெரிந்தது. அவள் முக்காடு. திரையின் மடிப்பு...

பக்கத்தில் இன்னொரு முக்காடு.

கூர்மையை எடுத்தேன். வெறும் திரை. மறுபடி போட்டேன். அந்த முக்காட்டுக்காரி இருந்தாள்.

எர்மெக் வேலைதான்! போன மாதம் ஒரு மாமியாருக்கு மீசை வரைந்து வைத்தவனாயிற்றே. போன் போட்டேன்.

"டேய், என் தங்கச்சி படத்துலயுமா உன் குரங்குச் சேட்டை?"

"எங்கம்மா சத்தியமா தொடல. கேமரா கார்டு உன்கிட்டதானே இருக்கு?"

ஆமாம், என் கைப்பையில்தான் இருந்தது. கார்டைச் செருகி, அடுத்த படத்தைக் கூர்மையாக்கினேன். அந்த முக்காடு மேரிமை நெருங்கியிருந்தது.

அதற்கடுத்ததில்... அவள் காதோரம் குனிந்திருந்தது.

கடைசிப் படத்தில் எதுவும் போடாமலே தெரிந்தது.

மேரிமின் கைமேல் ஒரு கை.

ஐயோ! மேரிம் இன்னும் அந்த வீட்டில்தானே இருக்கிறாள்? கூப்பிட்டேன்.

"மேரிம், திரைக்குள்ள உன்கூட யாருடி இருந்தா?"

"நீயும் பாத்தியா?" கிசுகிசுத்தாள். "இவங்க வீட்டு அக்கான்னு நெனச்சேன். 'போயிடு, போயிடு'ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. கை ஐஸா இருந்துச்சுக்கா. நகமெல்லாம் மண்ணு."

"செருப்ப மாட்டிட்டு வாசல்ல நில்லு. வரேன்."

அழைத்து வந்துவிட்டேன். புகுந்த வீட்டைவிட்டு ஓடிவந்தவள் என்று ஊர் பேசுகிறது. பேசட்டும்.

அப்புறம்தான் அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி வாய் திறந்தாள். மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் கல்யாணமாம். முதல் மனைவி மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனாளாம். போனவளிடமிருந்து இன்றுவரை ஒரு போன்கூட இல்லை.

அவள் கிளம்பிப் போன அதே வாரம்தான் அந்த வீட்டுத் தொழுவத்துக்குப் புதிதாக சிமென்ட் தரை போட்டார்களாம்.