ஹாரன் அக்கா பாதி வழியில் நிறுத்திய பேருந்து

பணிமனையில் அவளை எல்லோரும் ஹாரன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி. சன்னல் வழியாக ஒரு சத்தம் போட்டால் முன்னால் போகிற லாரி தானாக ஒதுங்கும். எடுத்த பேருந்தைப் பாதி வழியில் நிறுத்தியதே இல்லை என்பது அவளுடைய பெருமை. காய்ச்சலோடும் ஓட்டியிருக்கிறாள், புருஷனோடு சண்டை போட்டுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டும் ஓட்டியிருக்கிறாள்.

அங்கே ஓட்டுநர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி ஏறினால் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் போகவேண்டும், போக வழியில் இடம் கிடையாது. பெண் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் சிறுநீர் கொஞ்சம் கறுத்துப் போனாலும் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. எஞ்சின் சூடு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இந்தப் பாழாய்ப்போன எஞ்சின் சூடுதான் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

பணிமனையில் புதிதாக ஓர் உடற்பயிற்சி அறை திறந்தார்கள். ஓட்டுநர்களுக்குத் தொப்பை என்றால் மெக்கானிக்குகளுக்கு வாய். அவர்களில் ஸ்பானர் என்று பெயரெடுத்தவன், உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிறவர்களுக்குக் கால் எதற்கு என்று சீண்டினான். விடுவாளா? யார் அதிகம் பஸ்கி எடுப்பது என்று போட்டி வைத்தார்கள். உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, தொடை வெடவெடவென்று நடுங்கியும் அவள் நிறுத்தவில்லை. ஓடிப் பல வருஷமான உடம்பு அது. ஸ்பானர் சரிந்து விழுந்த பிறகும் வீம்புக்கு இன்னும் கொஞ்சம் எடுத்தாள். பணிமனையே கைதட்டியது.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. கட்டிலிலிருந்து இறங்கவே சுவரைப் பிடிக்கவேண்டியிருந்தது. தையல் வேலை செய்கிற கணவர், வலித்தால்தான் உடம்பு ஏறும் என்று சிரித்துவிட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தாள். அடுத்த நாள் காலையில் சிறுநீரைப் பார்த்தால், பால் ஊற்றாத டீ மாதிரி இருந்தது. எஞ்சின் சூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

சந்தைத் திருப்பத்தில் கிளட்ச்சை மிதித்தால் கால் கேட்கவில்லை. தொடையைத் தொட்டுப் பார்த்தாள். கல்லாக வீங்கியிருந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. நேற்று முழுக்க வீட்டில்தானே இருந்தேன், அவ்வளவு தண்ணீர் குடித்தேனே, இந்தச் சூடு எந்த எஞ்சினிலிருந்து வந்தது? விளக்கு மாறியதும் வண்டியை ஓரங்கட்டிச் சாவியைக் கழற்றினாள்.

கண்டக்டர் பதறிப்போனார். இத்தனை வருஷப் பெயர் ஒரு நிமிஷத்தில் போய்விடுமே என்றார்.

"பேரு போனா போகட்டும். எனக்குக் கால் கேக்கலைங்க. இத்தனை உசிர ஏத்திக்கிட்டு நான் ஓட்ட மாட்டேன்."

பயணிகளைப் பின்னால் வந்த வண்டியில் ஏற்றிவிட்டு, மருத்துவமனைக்கு டாக்சி பிடித்தாள். அங்கே வெட்கம் கிட்கம் எதுவும் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி டாக்டரம்மாவிடம் சொன்னாள்.

"பஸ்கி எடுத்தேம்மா. தொடை கல்லு மாதிரி ஆயிடுச்சு. ஒண்ணுக்கு டீ கலர்ல போகுது. எவ்வளவு தண்ணி குடிச்சும் மாறல."

டாக்டரம்மா உடனே எழுந்துவிட்டார். பஸ்கி, வீக்கம், டீ கலர், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் காத்திருக்கவே கூடாது என்றார். அளவுக்கு மீறிய பயிற்சியில் தசை சிதைந்து, அதன் கசடு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று விளக்கினார். இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. சலைன் ஏறத் தொடங்கியது.

படுத்தவளுக்குச் சட்டென்று ஸ்பானர் ஞாபகம் வந்தது. அவனும்தானே எடுத்தான்? போனைப் போட்டாள். முட்டி வலி என்று விடுப்பில் இருப்பதாக மழுப்பினான்.

"தம்பி, ஒண்ணுக்கு என்ன கலர்ல போகுது?"

அவன் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினான்: "வெளிய சொல்லாதீங்கக்கா. தோத்தது போதாதா? சிரிப்பாங்க."

"நீ இப்பக் கிளம்பல, நான் இந்தக் குழாயோடயே உன் வீட்டுக்கு வந்து நிப்பேன்."

அண்ணன் தோளில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். அவன் நிலைமை இன்னும் மோசம். இன்னும் தாமதித்திருந்தால் இரத்தத்தைச் சுத்தப்படுத்தும் எந்திரத்தில்தான் போடவேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. இப்போதும் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றதைக் கேட்டு ஹாரன் அக்கா அழுதேவிட்டாள். தன் வீம்பு இன்னொரு வீட்டுப் பிள்ளையைத் தின்றுவிடுமோ என்று பயந்தாள்.

பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே ஒரு தாழ்வாரம்தான். முதலில் அவளுக்குத்தான் சிறுநீர் தெளிந்தது. தளமே அதிர, "வெளுத்துடுச்சு!" என்று கத்தினாள். நர்சுகள் கைதட்டினார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகும் போகாமல், தாழ்வாரத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஆண்கள் கழிவறைக் கதவு படாரென்று திறந்தது. வெளியே சொல்லாதீர்கள் என்று கெஞ்சியவன், சுவரைப் பிடித்தபடி நின்று, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"அக்கா! எனக்கும் வெளுத்துடுச்சு!"