கந்தினில் நடந்த நான்காம் ஆண்டு

கூரைப் பலகைகள் விழுந்தபோது வகுப்பில் யாரும் இல்லை. என் மாணவர்கள் உடற்கல்விக்காகத் திடலில் இருந்தார்கள். நான் ஆசிரியர் அறையில் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். லோரியிலிருந்து கல் கொட்டுவதைப் போல ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், நான்காம் ஆண்டு வகுப்பின் உட்கூரை பாதிக்கு மேல் மேசைகள்மீது கிடந்தது. மின்விசிறி ஒரு வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. பல வருடத்துத் தூசியும் எலிப் புழுக்கையும் கரும்பலகை வரை சிதறியிருந்தன.

பக்கத்து வகுப்பில் மூன்றாம் ஆண்டுக்குப் பாடம் நடத்தியவள் ஓர் ஒப்பந்த ஆசிரியை. என்னைவிட வயதில் நிறைய இளையவள். வாசலில் நின்று வாய்விட்டு அழுதாள். தலைமையாசிரியை சுவரைப் பிடித்தபடி சாமியைக் கூப்பிட்டார். நான் இருவரையும் பார்த்துவிட்டுக் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையான கந்தினுக்குப் போய் மீ ஹூன் சேமியா வாங்கிச் சாப்பிட்டேன். எனக்குப் பசித்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

அவள் பின்னாலேயே வந்தாள்.

"எப்படிக்கா உங்களால சாப்பிட முடியுது?"

"பசங்கதான் வெளிய இருந்தாங்களே. யாருக்கும் ஒண்ணும் ஆகல லா."

"இருந்திருந்தா?"

தட்டைக் கழுவும் இடத்தில் வைத்துவிட்டு, திடலிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவரப் போனேன்.

எங்கள் பள்ளி கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவைத் தாண்டி, தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டப் பள்ளி. தோட்டம் போய்விட்டது, பள்ளி மட்டும் மிஞ்சியது. நிலம் இன்னும் ஒரு கம்பெனியின் பெயரில்தான். அதனால் நாங்கள் அரைமானியப் பள்ளி. ஆசிரியர்களின் சம்பளத்தையும் பாடநூல்களையும் அரசாங்கம் தரும். கட்டடம் என்று வந்தால் கம்பெனி கல்வி இலாகாவைக் காட்டும், இலாகா பள்ளி வாரியத்தைக் காட்டும், வாரியம் பெற்றோரைக் காட்டும். அந்தக் கூரை ஒழுகுகிறது என்று நான் முதன்முதலில் சொன்னபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை.

மறுநாள் இலாகாவிலிருந்து வந்தவர்கள் இரண்டு வகுப்பறைகளையும் பூட்டி, குறுக்கே சிவப்பு நாடா கட்டினார்கள். "செக்கெஜாப் சாஜா, சிக்கு," என்றார் ஒருவர் மலாயில். கொஞ்ச நாள்தான், டீச்சர். அந்தக் கொஞ்ச நாள் ஒன்றரை வருடமாக நீண்டது.

மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் கந்தினுக்குக் குடிபோயின. நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. அவளுடைய பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னால் என் பிள்ளைகள் படிப்பது எனக்குக் கேட்காது; அவர்களும் நானும் கத்தித்தான் பேசுவோம். கந்தின் ஆன்டி நெத்திலி சம்பல் வதக்க ஆரம்பித்தால் எல்லாரும் சேர்ந்து இருமுவோம். மழை பெய்தால் ஓரத்து மேசைகளை உள்ளே இழுக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் மற்ற வகுப்புகள் சாப்பிட வந்துவிடும். நாங்கள் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்போம்.

அவள் அந்த இடத்தையும் எப்படியோ வகுப்பாக்கினாள். எழுத்துக் கூட்டவே திணறிய ஒரு சிறுமியைப் பக்கத்தில் உட்கார வைத்து, கந்தின் ஆன்டியின் மைலோ டின்னில் இருந்தும் பிஸ்கட் பாக்கெட்டில் இருந்தும் சொற்களைப் படிக்க வைத்தாள். அந்தச் சிறுமி முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் படித்த அன்று அவள் கைதட்டிக் குதித்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். நல்ல விஷயம் என்று நினைத்தேன். பிறகு பின்னங்களுக்குத் திரும்பினேன்.

ஒருநாள் எங்கள் தொகுதியின் மக்கள் பிரதிநிதியான வை.பி. வந்தார். கூரைக்கென்று கதவளவு பெரிய மாதிரிக் காசோலை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். எல்லாரும் போன பிறகு அந்த அட்டை மட்டும் எங்களிடம் இருந்தது. அவள் அதை இரண்டு நாற்காலிகளில் சாய்த்து, எங்கள் வகுப்புகளுக்கு நடுவே தடுப்பாக நிறுத்தினாள்.

"டீச்சர், இதை எந்த பேங்க்ல போடுறது? வாசல்ல நுழையாதே," என்றான் அவள் வகுப்புப் பையன் ஒருவன்.

அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

வருடக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்கு ஒவ்வொரு முறையும் போய்வந்தாள். ஒவ்வொரு முறையும் காத்திருக்கச் சொன்னார்கள். நான் செய்த அதே வேலையைத்தான் அவளும் செய்தாள். அடுத்த வருடம் எனக்கு இருந்தது, அவளுக்கு இல்லை. பெட்டியில் பொருள்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்குக் கோபமே வராதாக்கா?"

"முன்ன வந்துச்சு."

"இப்போ?"

"தெரியல."

பெட்டியை அவள் கார் வரை தூக்கிக்கொண்டு போனேன். கார் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவள் இடத்துக்கு யாரும் அனுப்பப்படவில்லை. இரண்டு வகுப்புகளையும் என்னிடமே கொடுத்தார்கள். தடுப்பு தேவைப்படாததால் எடுத்துவிட்டேன்.

அடுத்த தீபாவளிக்கு முந்தின வாரம் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் அவளைப் பார்த்தேன். துணிக்கடை வாசலில் நின்று பேசினோம். செராஸில் ஒரு டியூஷன் சென்டரில் வேலை.

"சம்பளம் பரவால்லக்கா. ஏர்கோன் ரூம். கிளாஸுக்குப் பத்துப் பேர்தான். ஆனா காசு கட்ட முடிஞ்ச வீட்டுப் பிள்ளைங்க மட்டும்தான் வருதுங்க." பிறகு மைலோ டின்னில் எழுத்துக் கூட்டிய அந்தச் சிறுமியைப் பற்றிக் கேட்டாள். "இப்ப நல்லா படிக்கிறாளா?"

"இல்ல. வேற ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க. கந்தின்ல எம் பொண்ணு எத்தன நாள் உக்காருவா டீச்சர்னு அவ அம்மா கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னா சொல்றது? அவங்க கேட்டது சரிதானே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைக் கண்ணாடியைப் பார்த்தபடியே, "நீங்களும் வந்துருங்கக்கா, அங்க ஆள் தேடுறாங்க," என்றாள்.

"பென்ஷன் இருக்கு லா."

அது பொய் இல்லை. ஆனால் அதுதான் காரணமா என்று எனக்கே தெரியாது. போக வேண்டும் என்றும் தோன்றவில்லை, இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. கிள்ளானுக்கு ரயில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அதன்பின் ஒரு பள்ளி விடுமுறையில் ஆட்கள் வந்து கூரையை மாற்றிவிட்டுப் போனார்கள். யார் கொடுத்த பணம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. விடுமுறை முடிந்ததும் மேசைகளைத் துடைத்துப் பிள்ளைகளைப் பழைய வகுப்பில் உட்கார வைத்தோம். சுவரில் புதுச் சாய வாசனை. கதவைச் சாத்தினால் வேறு எந்தச் சத்தமும் இல்லை.

பிள்ளைகள் கத்திக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் இருப்பவனிடம் ரப்பர் கேட்பதற்கும் கந்தினில் கேட்ட மாதிரியே கேட்டார்கள். மெல்லப் பேசுங்கள் என்று பல நாள் சொன்ன பிறகு குரல்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் என் கணவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எதுக்கு இப்படிக் கத்துற? குழம்புதானே கேட்டேன்."

நான் கத்தியது எனக்குத் தெரியவில்லை.