மலையிறங்கிய காற்றும் பதினொரு வாசல்களும்

மர மில் காவலாளியின் மனைவி அந்த முதலாளியை மன்னிக்க ஒருநாளும் நினைத்ததில்லை. மன்னிப்பது பெரிய மனசு என்று யாராவது ஆரம்பித்தால், “எனக்குச் சின்ன மனசுதான்” என்று எழுந்துபோய்விடுவாள்.

மில் மலையடிவாரத்தில் இருந்தது. ஒரு மதியம் முற்றத்தில் குவிந்திருந்த மரத்தூளுக்கும் பட்டைக்கும் தீ வைத்தார்கள். சற்று நேரத்தில் மலையிலிருந்து அனலாய் ஒரு காற்று இறங்கியது. பொறி பறந்து, பின்தெருவில் பதினொரு வீடுகள் எரிந்தன. மாடியில் மாட்டிக்கொண்ட தையல்காரர் இறந்துபோனார்.

விசாரணையில் முதலாளி பவ்யமாகச் சொன்னார்: “காலையில அவ்வளவு குளிருங்க. இப்படி ஒரு காத்து வரும்னு யாருக்குத் தெரியும்? பக்கத்துலயே இருந்து பாத்துக்கோன்னுதான் சொன்னேன். காவலாளி கண் அசந்துட்டான்.”

காவலாளி சொன்னது வேறு. “உச்சியில மேகம் சுவர் மாதிரி நிக்குது, இன்னைக்கு வேண்டாம்னு சொன்னேன். கொளுத்து, இல்லன்னா வீட்டுக்குப் போன்னார்.” அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினெட்டு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர், பின்தெருப் பக்கம் தலைகாட்டுவதையே விட்டார். தையல்காரரின் மகள் அவரைப் பார்த்தால், திரும்பக் கட்டிய வீட்டின் கதவை அறைந்து சாத்துவாள்.

‘யாருக்குத் தெரியும்’ என்ற பேச்சு மட்டும் மனைவியின் தொண்டையில் முள்ளாய்ச் சிக்கிக்கொண்டது. காற்றைப் பற்றித் தெரிந்தவர்கள் எங்கே இருப்பார்கள்? வானிலை நிலையத்தில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள்.

“மேடம், மலை மேல குளிர்தானே? அங்கேருந்து வர்ற காத்து எப்படிச் சுடும்?” என்று அங்கிருந்த அதிகாரி அம்மாவிடம் ஒருநாள் கேட்டாள்.

“சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்பு சுடும்ல? அமுக்கினா காத்து சூடாகும். அந்தப் பக்கம் ஈரக்காத்து மலை ஏறும்போது குளிர்ந்து மழையாக் கொட்டிடும். ஈரம் மேகமாகும்போது வர்ற சூடு காத்துலயே தங்கிடும், அதனால ரொம்பக் குளிராது. இந்தப் பக்கம் காஞ்சுபோய் இறங்கும்போது கீழே வர வர அமுக்கம் கூடும். ஆயிரம் மீட்டர் இறங்கினா பத்து டிகிரி ஏறிடும். ஏறுறப்ப இழந்ததைவிட இறங்குறப்ப அதிகம்.”

“வரப்போகுதுன்னு முன்னாடியே தெரியுமா?”

“அந்தப் பக்கம் மழை, உச்சியில மேகச் சுவர், இது போதுமே. உடனே மில்லுக்கெல்லாம் போன் பண்ணிடுவோம். பதிவேட்டுலயும் எழுதிடுவோம்.”

அவள் கைத் துடைப்பம் அப்படியே நின்றது. பழைய பதிவேடுகள் அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடந்தன. துடைக்கிற சாக்கில் ஒவ்வொன்றாய் இறக்கிப் பார்த்ததில், நான்காம் நாள் அந்தத் தேதி கிடைத்தது. ‘காலை 10.40. மர மில். அனல்காற்று எச்சரிக்கை. முதலாளியே பேசினார்.’ எழுதியவர் அடுத்த மாதமே மாற்றலாகிப் போயிருந்தார். விசாரணைக்காரர்கள் இந்தப் படியேறவே இல்லை.

“விடும்மா, போனது போகட்டும்” என்றார் கணவர்.

“உங்களுக்குப் போயிருக்கலாம். எனக்குப் போகல.”

மறுநாள் நிலையத்துத் தொலைபேசியிலிருந்தே முதலாளியைக் கூப்பிட்டாள். “அன்னைக்குப் பத்து நாப்பதுக்கு உங்களுக்கு ஒரு போன் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?”

அரை மணியில் அவர் நிலைய வாசலில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. “என்னம்மா வேணும் உனக்கு?”

“பதினொரு வீட்டுக்கும் போங்க. போன் வந்துச்சு, தெரிஞ்சேதான் கொளுத்தச் சொன்னேன், காவலாளி மேல தப்பில்லைன்னு ஒவ்வொரு வாசல்லயும் சொல்லுங்க.”

“சொன்னா அந்தப் பதிவேடு வெளிய வராதுல்ல?”

அவள் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று அவராகவே எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே அவர் வாசல் வாசலாகப் போனார். இரண்டடி பின்னால் அவளும் நடந்தாள். அவர் முணுமுணுத்த இடத்தில் தொண்டையைச் செருமினாள். தையல்காரரின் மகள் மட்டும், “எனக்குச் சரியாக் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க” என்று மூன்று தடவை சொல்லவைத்தாள். கேட்கக் கேட்கக் காவலாளி மனைவிக்குத் தித்தித்தது.

மறுநாள் காலை, அதிகாரி அம்மாவை அழைத்துக்கொண்டு போய்ப் பதிவேட்டைக் காவல் நிலையத்தில் கொடுத்தாள். தெருவே சாட்சி சொன்னது. கைதாகி வண்டியில் ஏறும்போது முதலாளி கத்தினார்: “நீ கேட்டதைச் செஞ்சேனே! பேச்சு மாறிட்டியே!”

“பேச்சே கொடுக்கலியே, மாறுறதுக்கு?”

அவருக்கு மூன்று வருஷம் கிடைத்தது. காவலாளியின் மேலிருந்த தீர்ப்பு ரத்தாயிற்று. அந்த வாரம் பின்தெருக்காரர்கள் ஒவ்வொருவராய் வீட்டுக்கு வந்து தலைகுனிந்து நின்றார்கள். காவலாளி கண் கலங்கி, எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

அவள் ஒருவருக்கும் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.