வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வரும்

காரைக்குடியில் இப்போது எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே ஒரு பையன் "இல்ல" என்கிறான். நான் என்ன வாங்க வந்தேன் என்பது எனக்கே இன்னும் முடிவாகியிருக்காது. அதற்குள் இல்லை. போன வாரம் பொறுக்க முடியாமல், "என்னடா இல்ல?" என்றேன். "நீங்க என்ன கேட்டீக?" என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

எங்கள் ஷாப்புக்கடைக்காரர் இதைக் கேட்டிருந்தால் நேராகப் போய் ஊருணியில் விழுந்திருப்பார். ஷாப்பு என்றாலும் கடைதான், கடை என்றாலும் கடைதான். எதற்கும் இருக்கட்டும் என்று நாங்கள் இரண்டையும் சேர்த்துச் சொன்னோம். ரிப்பன், கொண்டை ஊசி, பவுடர், சட்டைப் பித்தான், எலாஸ்டிக், ஷேவிங் பிளேடு, அரிக்கேன் சிம்னி எல்லாம் அங்கே கிடைக்கும். உள்ளே போனால் பாச்சை உருண்டையும் பவுடரும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். அந்த வாசனைக்காகவே தேவையில்லாத பித்தான்களை எவ்வளவோ வாங்கியிருக்கிறேன்.

அவருடைய அப்பா பர்மாவிலிருந்து திரும்பி வந்து திறந்த கடை அது. மகனுக்குக் கடையோடு சேர்த்து ஒரு விதியையும் விட்டுவிட்டுப் போனார். கடைக்குள் நின்றுகொண்டு 'இல்லை' என்ற வார்த்தையைச் சொல்லவே கூடாது. சொன்னால் லட்சுமி அங்குட்டே திரும்பிப் போய்விடுவாளாம். எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாருக்கும் இந்தப் பயம் உண்டுதான். ஆனால் மற்றவர்கள் சமயத்தில் மறந்து தொலைப்பார்கள். இவர் மறந்ததே கிடையாது.

எது தீர்ந்துபோயிருந்தாலும் "வரும்" என்பார். அதிலும் தினுசு உண்டு. வெறும் "வரும்" என்றால் வெள்ளிக்கிழமை மதுரை லாரியில் வந்து இறங்கும். "வருமே" என்று இழுத்தால் அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம். "வராமலா போகும்" என்றால் நாம் வேறு கடை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒருமுறை அவர் பெண்சாதி கோபித்துக்கொண்டு பிறந்தகம் போயிருந்தபோது, விஷயம் தெரியாமல் யாரோ "அண்ணி இருக்காகளா?" என்று கேட்டுவிட்டார்கள். "வரும்" என்றாராம். அந்த அம்மாளும் வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்ந்தாள்.

அறுபதுகளின் கடைசியில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். நான் அப்போது டைப்ரைட்டிங் படித்துக்கொண்டு, வீட்டில் எல்லாரோடும் வாயாடிக்கொண்டு இருந்தேன். கல்லல் பக்கத்திலிருந்து வந்தவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். பெண் பார்க்க வந்த இடத்தில் பஜ்ஜியைச் சட்னியில் முக்கி எடுத்து, வாய்க்குப் போகும் வழியில் வெள்ளைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். யார் பார்த்தார்கள் என்று நிமிர்ந்தவர், நான் பார்த்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அந்தக் காலத்தில் பெண்ணிடம் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்காததை நாமாகச் சொல்லவும் கூடாது. அதனால் அடுப்படிக்குப் போய் எல்லாருக்கும் இன்னொரு சுற்றுக் காப்பி போட்டேன்.

அதன் பிறகு பேச்சு மூச்சில்லை. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் சொல்லியே அனுப்பவில்லை. தரகர் எங்கள் தெருவை விட்டுவிட்டு அடுத்த தெரு வழியாகப் போக ஆரம்பித்தார். இன்னொரு கூத்தும் நடந்தது. வெள்ளிக்கிழமையானால் அக்கம்பக்கத்துப் பெண்கள் காரணமில்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். கறிவேப்பிலை கேட்டு வந்தவள் கறிவேப்பிலையை வாங்கிக்கொண்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு தும்மல் போட்டேன். எதிர்வீட்டு அக்கா இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை உருவி என் கையில் திணித்தாள்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பது ஊர் வழக்கம். எனக்கு எதற்கு என்றுதான் புரியவில்லை. அழுகைதான் வந்தது. வாத்தியாரின் சட்னிச் சட்டையை நினைத்து இரண்டு மடங்காக அழுதேன்.

கடைசியில் அப்பா தரகரைப் பேருந்து நிலையத்தில் மடக்கிப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் பெண்ணைப் பற்றி விசாரிக்கக் காரைக்குடிக்கு வந்தாராம். சோப்பு வாங்குகிற சாக்கில் ஷாப்புக்கடைக்குப் போனாராம்.

"கூட்டத்தோட கூட்டமா நின்னு, காதுங்காதும் வச்ச மாதிரிதான் கேட்டுருக்காரு. இன்னாரு மக, வலிப்பு கிலிப்பு ஏதும் இருக்கான்னு. கடைக்காரரு எலாஸ்டிக் அளந்துக்கிட்டே 'வரும்'னுட்டாரு. இவரு பதறிப்போயி, எப்பண்ணே வரும்னு கேட்டுருக்காரு. 'வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வரும்'னாராம். கடையில நின்ன பொம்பளைக பூராம் கேட்டுருக்காக. அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?" என்றார் தரகர்.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அளக்கிற மும்முரத்தில் மனிதர் காதில் விழுந்தது 'இருக்கா' என்பது மட்டும்தான். மிச்சத்தை விதி பேசிவிட்டது. நான் சிரிக்க ஆரம்பித்தேன். அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அன்றைக்குப் பார்த்து வெள்ளிக்கிழமை. "அய்யோ, வந்துருச்சு!" என்று அலறிக்கொண்டு அம்மா பீரோச் சாவியை எடுக்க ஓடினாள்.

சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வலிப்பு இருக்கா?" என்றேன்.

"வரும்த்தா. எத்தனை வேணும்?" என்று சொல்லிக்கொண்டே திரும்பினார்.

விஷயத்தைச் சொன்னதும் முகத்தில் ஈயாடவில்லை. "அடப் பாவமே, ஒரு பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். இப்போதே கல்லலுக்குப் போய் ஆயிரம் தடவை 'இல்லை' என்று சொல்கிறேன் என்றார். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா பிடிவாதக்காரர். "சொன்ன வாய், சொன்ன எடத்துலயே மாத்திச் சொல்லட்டும்" என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். சொன்ன இடம் கடை.

"கடைக்குள்ள எப்படித்தா அந்த வார்த்தைய..." என்று அவர் கெஞ்சினார். "பொண்ணு பூரண சொகம்னு சொல்லட்டுமா?"

"வெள்ளிக்கிழமை தவிர மத்த நாள்ல சொகம்னு எடுத்துக்குவாக" என்றேன்.

ஒரு நாள் காலையில் அப்பாவும் பிள்ளையும் கல்லலிலிருந்து வந்து இறங்கினார்கள். அம்மாவும் நானும் எதிரே ஜவுளிக்கடையில் துணி பார்ப்பது போல நின்றோம். நான் கையில் பிடித்திருந்தது வேட்டி என்பது பிறகுதான் தெரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா கடைப்படிக்கு முன்னால் நின்று, தெருவே கேட்கும்படி, "வலிப்பு உண்டா இல்லையா? ஒரே வார்த்தை சொல்லுங்க" என்றார்.

ஷாப்புக்கடைக்காரர் எழுந்தார். சாமி படத்தைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று படியிறங்கித் தெருவுக்கு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டார். கடைக்கு முதுகைக் காட்டி நின்று, "இல்லை" என்றார். வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது விட்டுப்போன மாதிரி, "இல்லை, இல்லவே இல்லை, ஒரு காலத்துலயும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே போனார். சைக்கிளில் போனவர்கள்கூட நின்று வேடிக்கை பார்த்தார்கள். எல்லாம் சொல்லி முடித்ததும் வாசல் வாளித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டுதான் மறுபடி படியேறினார்.

மாப்பிள்ளையின் அப்பா தாடியைத் தடவிக்கொண்டு இன்னும் யோசித்தார். அப்போதுதான் வாத்தியார் வாயைத் திறந்தார். "நான்தான் வீட்டுலயே சொன்னேனேப்பா. வந்தா வரட்டும், சாவி நம்ம வீட்டுல நெறைய இருக்கு."

நான் அந்த வேட்டியை முகத்தில் அழுத்திக்கொண்டேன். ஜவுளிக்கடைக்காரர் அதை எங்கள் தலையிலேயே கட்டிவிட்டார். கல்யாணம் அடுத்த வைகாசியில் நடந்தது. வந்த முதல் ராத்திரி என் வீட்டுக்காரர் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்து, "எதுக்கும் கையில வச்சிரு, நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றார். அந்தக் குசும்பு இன்றுவரை குறையவில்லை.

எழுபதுகள் முடிகிற சமயத்தில் மகளுக்கு ரிப்பன் வாங்கப் போனோம். பஜாரில் கண்ணாடி அலமாரியும் குழல் விளக்குமாகப் புதுக்கடைகள் வந்திருந்தன. எங்கள் ஷாப்புக்கடையில் அலமாரிகள் பல்லிளித்தன. மதுரை லாரி நின்று வெகுகாலமாகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பாச்சை உருண்டை வாசனை மட்டும் அப்படியே இருந்தது.

"செவப்பு ரிப்பன் இருக்காண்ணே?"

"வரும்த்தா."

"பிளேடு?" என்றார் இவர்.

"வரும், வாத்தியாரே."

கேட்டிருக்க வேண்டாம், கேட்டுவிட்டேன். "அண்ணே, தொடர்ந்து கடை நடத்துற எண்ணம் இருக்கா?"

அவர் எப்போதும் போல வாயெடுத்தார். "வரு..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு எழுந்தார். சாமி படத்தைப் பார்த்துவிட்டு மெல்லப் படியிறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இல்லத்தா" என்றார்.

வாசலில் வாளி இருந்தது. அவர் காலைக் கழுவவும் இல்லை, மேலே ஏறவும் இல்லை. நான் பஜார் என்றும் பார்க்காமல், மகள் பயந்துபோய்ப் பார்க்கப் பார்க்க, விக்கி விக்கி அழுதேன். என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.