நாற்பது செடிகளுக்கான இடம்

என் மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு பித்தளை வால்வை வைத்திருக்கிறேன். கைப்பிடியின் சிவப்புச் சாயம் பாதி உரிந்துவிட்டது. கம்போங் ராஜா என்ற மலையூரில் இருந்த எங்கள் அரை ஏக்கர் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில் இருந்தது அது. மேட்டு நிலம் என் மனைவியின் அண்ணனுடையது. மலை ஓடையை மறித்துத் தொட்டி கட்டியிருந்தவரும் அவரே.

எண்பதுகளின் தொடக்கத்தில், தேயிலை எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி வேலையை விட்டுவிட்டுத் தக்காளி போட்டேன். மழை பூவை உதிர்த்தது, இலையைக் கருக்கியது. நட்டதில் பாதிகூடத் தேறவில்லை. மச்சான் அதற்குள் இரண்டு பிளாஸ்டிக் கூடாரம் கட்டி, லாரி லாரியாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

"மழைய நம்பி எத்தன நாளைக்கு மாப்புள? மூடிடு லா."

"மூடிட்டா தண்ணிக்கு? ஓரத்துல மழத்தண்ணி பிடிக்க ஒரு தொட்டி கட்டிக்கிறேன் மச்சான்."

"அர ஏக்கர்ல தொட்டியா! மீனா வளக்கப் போற? அந்த எடத்துல நாப்பது செடி வைக்கலாம். மேல என் தொட்டி யாருக்கு இருக்கு?"

அளந்து பார்த்தேன், நாற்பத்திரண்டு வந்தது. தொட்டி எண்ணத்தை விட்டு, அவர் தொட்டியிலிருந்தே குழாய் இழுத்துக்கொண்டேன். மூங்கில் நட்டு, ஓர் அடி மிச்சமில்லாமல் மூடினேன். முதல் இரண்டு போகமும் நான் எண்ணியதைவிட நன்றாகவே விளைந்தன. மூன்றாவதில், காய் பிடிக்கும் சமயம், குழாய் வறண்டது. மேலே ஏறிப் போனேன்.

"எட்டுக் கூடாரம் ஆயிருச்சு மாப்புள, எனக்கே பத்தல. ஒனக்கென்ன, வானமே ஊத்துதே!" என்று வேலையாட்களைப் பார்த்துச் சிரித்தார். வறண்ட குழாயைவிட அந்தச் சிரிப்புத்தான் இன்னும் உறுத்துகிறது.

அன்று மாலை மழை கொட்டியது. கூரையில் வழிந்து வாய்க்காலோடு ஓடியது. உள்ளே செடிகள் தலை தொங்கி நின்றன. நானும் மனைவியும் வாளியில் பிடித்து ஊற்றினோம். அரை ஏக்கருக்கு வாளி எம்மாத்திரம்? கடைசியில் கத்தியை எடுத்து, வரிசை வரிசையாக என் கூரையை நானே கிழித்தேன். செடிகள் நிமிர்ந்தன. பிறகு அதே ஈரத்தில் இலை கருகி, காயோடு அழுகின.

எட்டுக் கூடாரக்காரருக்கு ஒரு போகம் போனால் அடுத்தது இருக்கிறது. எனக்கு இருந்தது அது ஒன்றுதான். தண்ணீரில்லாத நிலத்தை வேறு யாரும் கேட்கவில்லை, மச்சானிடமே விட்டேன். போகும்போது இந்த வால்வைக் கழற்றிக்கொண்டேன்.

அவர் முதலிலேயே திட்டமிட்டாரா, கூடாரங்கள் கூடக் கூட மனம் மாறியதா என்று பல வருடங்களாகக் கணக்குப் போடுகிறேன். விடை நிலைக்கவில்லை. ஒன்று மட்டும் தெரியும். நிலம் கைக்கு வந்ததும், அந்த நாற்பத்திரண்டு செடிகள் நின்ற இடத்தில் அவர் முதலில் கட்டியது ஒரு தொட்டி.

வெளியே மழை. வால்வின் கைப்பிடி இன்றும் திறந்த பக்கமே நிற்கிறது. அதை நான் ஒருநாளும் மூடியதில்லை.