தெற்குப் பாடு சீட்டில் இருக்கும்

எங்கள் குப்பத்தில், கடலோடு சேரும் ஏரிக்குள் வலை கட்டும் இடத்தைப் பாடு என்போம். எங்களுக்கு நான்கு பாடுகள். எந்தப் படகுக்கு எந்தப் பாடு என்பதைச் சீட்டு குலுக்கித்தான் முடிவு செய்வோம். சீட்டில் வந்த இடத்தில் இரண்டு நாள் முறை. அங்கே அடுத்தவன் கழி ஊன்றக்கூடாது. சண்டை போடுவதில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. ஆனால் சீட்டை எதிர்த்து ஒருவன் பேசி நான் பார்த்ததில்லை.

துறைமுகத்தைப் பெரிதாக்கும் வேலை தொடங்கியதும் தெற்குப் பாடு போயிற்று. மண் அள்ளுகிறோம், படகு வரக்கூடாது என்று மஞ்சள் மிதவைகளைக் கயிற்றில் கோத்துச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிடுவோம் என்றார்கள். இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தப் பெயரை நாங்கள் சீட்டிலிருந்து எடுக்கவில்லை. அது யாருக்கு வருகிறதோ அவனுக்கு இரண்டு நாள் தொழில் இல்லை. மற்ற படகுக்காரர்கள் குழம்புக்கு இறால் கொடுத்தனுப்புவார்கள்.

இறால் நன்றாகப் படுகிற நேரம் பார்த்து, போன மழைக்குப் பிறகு அது எனக்கு வந்தது. "இன்னாய்யா, உன் கைக்கு வேற சீட்டே வராதா?" என்றாள் என் மனைவி. அடுத்தவர் கொடுத்த இறாலைக் கழுவ அவளுக்கும் பிடிக்காது.

அன்று சாயங்காலமே பஞ்சாயத்து கூடியது. துறைமுகத் தரப்பிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். தங்கமான பேச்சு. துறைமுகம் பெரிதானால் லாரி வரும், கிடங்கு வரும், பிள்ளைகளுக்கு வேலை வரும் என்றார். வரட்டும். என் அக்கா மகன் அங்கேதான் கிரேன் ஓட்டுகிறான். அந்தச் சம்பளத்தை நான் குறை சொல்லமாட்டேன். பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். "இப்ப பயன்பாட்டுல இருக்கற பாடு மட்டும் சொல்லுங்க. அதை மட்டும்தான் வரைபடத்துல உங்க இடம்னு குறிப்போம்."

என் மனைவியின் தம்பி எழுந்தான். "தெக்குப் பாடுங்கற பேரை எடுத்துடலாம்பா. இல்லாத எடத்துக்கு இன்னாத்துக்கு சீட்டு? மூணே பாடுனு குலுக்குவோம்."

பலர் தலையாட்டினார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சரி என்றால் அப்போதே மறுபடி குலுக்கி இருப்பார்கள்; எனக்கும் வலை கட்ட ஓர் இடம் வந்திருக்கலாம். ஆசையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் அந்தப் படிவத்தைப் பார்க்கப் பார்க்கக் கோபம் தலைக்கேறியது. கயிறு கட்டியது அவர்கள். பெயரை அழிப்பது மட்டும் எங்கள் கையாலா?

"தெக்குப் பாடுனு எழுதிக்கோ சார்," என்றேன்.

"அங்க யாரும் தொழிலுக்குப் போறதில்லையே அண்ணே."

"ஏன் இல்ல? இந்த வாட்டி நான் போறேன். என் பேரை எழுது."

அவர் பேனாவை மூடினார். "சும்மா எழுத முடியாதுண்ணே. நாளை மறுநாள் வரேன். போறீங்கன்னு எழுத்துல ஏதாச்சும் இருந்தா காட்டுங்க."

"எழுத்துக்கு எங்க மாமா போவ?" என்று மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். எனக்கும் தெரியவில்லை. எங்கள் தொழிலில் யார் எழுதி வைக்கிறார்கள்?

காலையில் படகை எடுத்தேன். மிதவைக் கயிற்றைக் கழியால் அழுத்திப் படகை உள்ளே விட்டேன். அங்கே இறால் துள்ளிக்கொண்டிருந்தது. கண் கலங்கிவிட்டது. கழியை ஊன்றி வலையை அவிழ்ப்பதற்குள் காவல் படகு வந்து சேர்ந்தது. அதிலிருந்தவர் சத்தம் போட்டுத் தீர்த்தார். கடைசியில் அவர் ஒரு நோட்டை எடுத்தார். அத்துமீறி வருகிறவர்களை அதில் பதிவார்களாம். பெயர் கேட்டார், படகு எண் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இதுவும் எழுத்துதானே என்று. அப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

"வந்த காரணம்?"

"எறா புடிக்க."

அவர் எழுதினார். எட்டிப் பார்த்தேன். "எடம்னு இன்னா போட்ட?"

"மிதவை எல்லை."

"அத்த அடி. தெக்குப் பாடுனு போடு. இல்லாங்காட்டி கையெழுத்துப் போட மாட்டேன்."

முறைத்துப் பார்த்துவிட்டு, அடித்து எழுதினார். கையெழுத்துப் போட்டேன். அவர் மூடுவதற்குள் அந்தப் பக்கத்தை என் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

"நாளைக்கும் என் மொறைதான்," என்றேன். "கீழ கொஞ்சம் எடம் வுட்டு வை."